பாகவதருக்குச் சபை வைத்த பரீட்சை

ஒருவரே நின்று ஒரு கதையின் எல்லாப் பாத்திரங்களாகவும் மாறிப் பேசி, பாடி, ஆடி, எதிரே அமர்ந்திருப்போரையும் தம்முடன் பாடவைக்கும் கலைகள் இந்தியாவின் பல பகுதிகளில் வழங்கிவந்துள்ளன. அவற்றுள் தமிழகத்தில் மிக விரிவான இலக்கணத்தையும் மிகப் பரந்த செல்வாக்கையும் பெற்றது கதாகாலட்சேபம். ஹரிகதை என்றும் அழைக்கப்படும் இக்கலை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சையில் புதுவடிவம் பெற்று, அடுத்த அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கோயில் பந்தல்களிலும் திருமண வீடுகளிலும் சென்னைச் சபாக்களிலும் இசைக் கச்சேரிக்கு இணையாகவும் சில இடங்களில் அதனினும் மேலாகவும் போற்றப்பட்டது. அதன் இசையைப் பற்றியும் அதன் கதைகளைப் பற்றியும் எழுதப்பட்ட அளவுக்கு, ஒருவர் பாகவதர் ஆவதற்கு யாருடைய ஒப்புதல் வேண்டியிருந்தது, அந்த ஒப்புதலை அவர் எப்படிப் பெற்றார் என்பது பற்றி எழுதப்படவில்லை. பரீட்சை வைத்தவர்களும் நிகழ்ச்சியில் உடன் பாடியவர்களும் ஒரே கூட்டத்தாராக இருந்ததே இக்கலையின் தனித்தன்மை என்று கொள்ள இடமுண்டு. வானொலிக் காலத்தில் அவ்விரு சாராரும் பிரிக்கப்பட்டபோதுதான் அந்த ஏற்பாட்டின் அருமை புலப்பட்டது.

கலைஞரைச் சோதித்து ஏற்கும் வழக்கத்துக்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய விரிவான சான்று சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையாகும். ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்ற மாதவி பன்னிரண்டாம் வயதில் சோழன் முன்னிலையில் ஆடிக்காட்டித் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெறுகிறாள். ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமைக்காரன், குழலோன், யாழாசிரியன் ஆகியோருக்கு இருக்கவேண்டிய தகுதிகளையும், எழுகோல் அகலமும் எண்கோல் நீளமும் ஒருகோல் உயரமுமாக அரங்கு அமைக்கப்படவேண்டிய முறையையும் அக்காதை விதந்து கூறுகிறது. ஆனால் அங்கே தீர்ப்பு அரசனுடையது. காண்போர் காண்பவர்களாக மட்டுமே இருக்கின்றனர்.

அதே காப்பியத்தின் நடுகற் காதையில் வரும் பறையூர்க் கூத்தச்சாக்கையன் ஒற்றை ஆள் அரங்குக்கு இன்னும் நெருங்கிய முன்னோடி. செங்குட்டுவன் முன் அவன் ஆடிய கொட்டிச்சேதம் என்ற கூத்து, உமையை ஒரு பாகத்தில் கொண்ட சிவன் ஆடும் ஆடலாகும். சிவனுக்குரிய பாதி உடல் ஆட, உமைக்குரிய பாதியில் பாடகமும் மேகலையும் சிறிதும் அசையாதிருக்க, ஓர் உடலிலேயே இருவரைக் காட்டவேண்டும். சாக்கையர் மரபு சோழர் காலத்திலும் தொடர்ந்ததைக் காமரசவல்லிக் கல்வெட்டு உறுதிப்படுத்துகிறது: மார்கழித் திருவாதிரையிலும் வைகாசித் திருவாதிரையிலும் மும்மூன்று முறை சாக்கைக்கூத்து ஆடுவதற்காகச் சாக்கைமாராயன் விக்கிரமசோழன் என்ற கலைஞனுக்கு ராஜேந்திர சோழன் காலத்தில் ஊர்ச்சபை நிலம் அளித்தது. கூத்தாடுவோர் அனுபவிப்பதற்காக விடப்பட்ட இத்தகைய நிலத்துக்குக் கூத்துக்காணி என்று பெயர். இங்கே கலைஞனைத் தேர்ந்தெடுத்தது அரசவையன்று, ஊர் என்பது கவனிக்கத்தக்கது. கதை சொல்வோரை ஆதரிக்கும் வழக்கம் இதற்கும் முற்பட்டது; ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்ம பல்லவன் வழங்கிய கூரம் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் படிப்பதற்கென்று ஒரு பங்கை ஒதுக்குகிறது.

பாரதம் படித்த பிரசங்கியார் உட்கார்ந்து ஏட்டைப் பார்த்துப் படித்துப் பொருள் சொன்னவர். அவரை எழுந்து நிற்கவைத்தது மராட்டியத் தொடர்பு. 1676 அளவில் தஞ்சையில் தொடங்கி 1855இல் முடிவுற்ற போன்ஸ்லே ஆட்சியின்போது, மராட்டிய நாட்டின் கீர்த்தன் மரபு தஞ்சை மடங்கள் வழியாகவும் அரண்மனை வழியாகவும் காவிரிக்கரையில் வேரூன்றியது. அம்மரபில் வந்த மேருசுவாமி திருவனந்தபுரம் சென்று சுவாதித் திருநாளின் அவையில் பெருமதிப்புப் பெற்றார். குசேலர் கதையையும் அஜாமிளன் கதையையும் காலட்சேபத்துக்கு ஏற்றவாறு அம்மன்னர் இயற்றியதற்கு மேருசுவாமியின் கலையே தூண்டுதல். பின்னர் 1860களில் ராமச்சந்திர மோர்காம்கர் பாவா என்ற கீர்த்தன்காரர் தஞ்சைக்கு வந்து நிகழ்த்திய கதைகள் ஊரையே ஈர்த்தன. அவற்றைக் கேட்டவர்களுள் ஒருவரான கிருஷ்ண பாகவதர், மராட்டியக் கட்டுக்கோப்பைக் கர்நாடக இசையோடும் தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதப் பாடல்களோடும் இணைத்து, இன்று கதாகாலட்சேபம் என்று அறியப்படும் வடிவத்தை உருவாக்கினார். தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் என்ற பெயர் அதன்பின் இக்கலையின் இலக்கணமாகவே ஆகிவிட்டது.

இவ்வடிவத்தின் அமைப்பை அறியாமல் அதன் பரீட்சையைப் புரிந்துகொள்ள இயலாது. நிகழ்ச்சி பூர்வரங்கம், உத்தரரங்கம் என இரு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதியில் வணக்கப் பாடல்களுக்குப் பின் ஒரு பதத்தையோ மராட்டியப் பக்திப் பாடலான அபங்கத்தையோ எடுத்துக்கொண்டு, நாமத்தின் பெருமை, அடியாரின் பணிவு என்பன போன்ற ஒரு கருத்தைப் பாகவதர் விளக்குவார். இரண்டாம் பகுதியில் அக்கருத்தை மெய்ப்பிக்கும் கதை நிகழும். கதைக்குரிய பாடல்களும் சுலோகங்களும் வரிசையாகக் கோக்கப்பட்ட தொகுப்புக்கு நிரூபணம் என்று பெயர். சாகி, திண்டி, ஓவி, ஆர்யா, கனாட்சரி, அஞ்சனிகீதம் முதலிய மராட்டிய யாப்பு வகைகள் அதில் இடம்பெறும். வேகமான போர்க்காட்சிக்கு ஒன்று, புலம்பலுக்கு வேறொன்று எனச் சந்தங்கள் பயன்பட்டன. பாகவதர் பஞ்சகச்சம் கட்டி, அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கி, கையில் சப்ளாக்கட்டை ஏந்தி நிற்பார். வெண்கலச் சலங்கைத் தட்டுகள் பதித்த இரு மரக்கட்டைகளாலான இக்கருவியைச் சிப்ளா என்றும் கூறுவர். அவருக்குப் பின்னால் தம்புரா, ஆர்மோனியம் அல்லது வயலின், மிருதங்கம் ஆகியவற்றோடு பின்பாட்டுக்காரர் இருப்பார். பாகவதர் ஒரு வரியை விட்ட இடத்தில் அதைப் பிடித்து, அவர் மூச்சு வாங்கி அடுத்த பேச்சைத் தொடங்கும்வரை பாடலைத் தாங்கி நிற்பது பின்பாட்டுக்காரரின் வேலை.

நான்கைந்து மணி நேரம் நீளும் இத்தகைய நிகழ்ச்சியில் கேட்போரின் பங்கு அலங்காரமானதன்று. பாகவதர் ‘கோபிகா ஜீவன ஸ்மரணம்’ என்று குரல் கொடுத்தால் பந்தல் முழுவதும் ‘கோவிந்தா கோவிந்தா’ என்று முழங்கவேண்டும். ‘நம: பார்வதீ பதயே’ என்றால் ‘ஹர ஹர மகாதேவா’ என்று எதிர்க்குரல் எழவேண்டும். கதையின் உச்சத்தில் தெய்வப் பெயர்களைக் கோத்த சிறு பாடலான நாமாவளியைப் பாகவதர் ஒரு முறை பாட, கூட்டம் அதைத் திருப்பிப் பாடும்; அவர் காலத்தைக் கூட்டினால் கூட்டமும் கூட்டும். நடைமுறைப் பயன்களும் இதற்கு உண்டு. தூங்கிவழிவோர் விழித்துக்கொள்வர், பாகவதரின் தொண்டைக்கு ஓய்வு கிடைக்கும், கதை தம்மைத் தொட்டதா இல்லையா என்பதைக் கூட்டம் வாய்விட்டுச் சொல்லாமலேயே குரலின் அளவால் தெரிவித்துவிடும். எதிர்க்குரல் மெலிந்தால் உபகதை ஒன்றை விட்டுவிட்டு மூலக்கதைக்குத் தாவவேண்டும் என்பது அனுபவமுள்ள பாகவதருக்குத் தெரியும். புதியவருக்குத் தெரியாது, அவர் பாடம் செய்த வரிசையிலேயே போய்க்கொண்டிருப்பார்.

கல்யாணக் கதைகளில் இப்பங்கேற்பு இன்னும் ஒரு படி மேலே செல்லும். சீதா கல்யாணமோ ருக்மிணி கல்யாணமோ சொல்லப்படும் நாளில் ஊர்ப்பெண்கள் தேங்காயும் பழமும் வெற்றிலைபாக்கும் தட்டுகளில் கொண்டுவருவர். மாங்கல்யதாரணக் கட்டம் வரும்போது அட்சதை தூவப்படும். தொடர்கதையாகப் பல நாள் நடக்கும் ராமாயணத்தின் இறுதிநாளில் பட்டாபிஷேகம் ஊர்த்திருவிழாவாகவே கொண்டாடப்படும். பந்தலிலிருப்போர் அந்நேரத்தில் மிதிலை மக்களாகவும் அயோத்தி மக்களாகவும் ஆகிவிடுகின்றனர். ஒரே நடிகர் மட்டும் உள்ள நாடகத்தில் துணைப்பாத்திரங்களை யார் ஏற்பது என்ற கேள்விக்கு இக்கலை கண்டுபிடித்த விடை அது. இதற்கு நேரெதிரான ஏற்பாடு கேரளத்துச் சாக்கியார் கூத்தில் காணப்படுகிறது: அங்கே சாக்கியார் முன்வரிசையில் இருக்கும் எவரையும் கதையின் பாத்திரமாக்கிக் கேலிசெய்யலாம், கேலிக்குள்ளானவர் வாய்திறக்கக் கூடாது.

இப்படிப்பட்ட கலைக்குத் தனித்ததொரு தேர்வு நடத்துவது எப்படி? நடைமுறையில் தேர்வு மெல்லமெல்ல, பல கட்டங்களாக, பெரும்பாலும் மேடையிலேயே நடந்தது. இசைப் பயிற்சியும் சுலோகப் பாடமும் வீட்டில் முடிந்தபின், மாணவர் குருவின் பின்னால் பின்பாட்டுக்காரராகவோ தாளக்காரராகவோ நிற்பார். கூட்டத்தின் முகத்தைக் குருவின் தோளுக்கு மேலாகப் பார்த்துப் பழகும் காலம் அது. எந்த இடத்தில் சிரிப்பு எழுகிறது, எந்த ஊரில் தெலுங்குக் கீர்த்தனை எடுபடாது, பெரிய மனிதர் ஒருவர் தாமதமாக நுழையும்போது கதையை அறுக்காமல் அவரை வரவேற்பது எப்படி என்பனவற்றை எந்த நிரூபண ஏடும் கற்றுத்தராது. குரு இல்லாத ஓர் உற்சவ நாளில் தனியாக நிற்கும் வாய்ப்பு வரும்போது, தீர்ப்பு அன்றிரவே கிடைத்துவிடும்: தீபாராதனைத் தட்டில் விழும் காசும், உற்சவதாரர் அளிக்கும் சம்பாவனை எனப்படும் மரியாதைத் தொகையும், மறுநாளும் கதை உண்டா என்ற கேள்வியும் அதைத் தெரிவித்தன.

எழுத்தறிஞர்களின் ஒப்புதல் வேறொரு வாயிலாக இருந்தது. ராம நாடகக் கீர்த்தனையை இயற்றிய அருணாசலக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் தம் நூலைத் திருவரங்கத்தில் அரங்கேற்றச் சென்றபோது அங்கிருந்தோர் எளிதில் இசையவில்லை என்றும், அரங்கநாதரைப் பாடியபின்பே வழி திறந்தது என்றும் மரபு கூறுகிறது. இத்தகைய கதைகள் பல தலங்களோடு சேர்த்துச் சொல்லப்படுவதால் அவற்றை அப்படியே வரலாறாகக் கொள்ளவேண்டியதில்லை. ஆனால் உ. வே. சாமிநாதையர் பதிவுசெய்துள்ள ஒரு நிகழ்ச்சி, அவருடைய ஆசிரியரையே பற்றியது என்பதால், இன்னும் உறுதியான நிலத்தில் நிற்கிறது.

மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை அச்சிடும் நிலையில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப்பாயிரம் வேண்டினார். சிறப்புப்பாயிரம் என்பது நூலுக்குப் புலவர் தரும் புகழ்ச்செய்யுள். அக்காலத்தில் அது இல்லாத நூல் படித்தவர் அவையில் நடமாடுவது கடினம். கீர்த்தனைகளில் இலக்கணப் பிழைகள் மலிந்திருப்பதாகவும் பெரியபுராணத்தில் இல்லாதவை கதையில் சேர்க்கப்பட்டிருப்பதாகவும் கருதிய பிள்ளை, மறுத்துச் சொல்ல மனமின்றி நாள் கடத்திக்கொண்டிருந்தார். பாரதியார் பலமுறை வந்து திரும்பினார். ஒருநாள் நண்பகலில் பிள்ளை உள்ளே உறங்கிக்கொண்டிருக்க, திண்ணையில் காத்திருந்த பாரதியார் பொழுதுபோக்காகத் தம் கீர்த்தனைகளைப் பாடத் தொடங்கினார். பக்கவாத்தியம் இல்லை, சபை இல்லை. விழித்துக்கொண்ட பிள்ளை படுத்தபடியே கேட்டிருந்து, உள்ளம் உருகி வெளியே வந்து, காலம் தாழ்த்தியதற்கு வருந்திப் பாயிரம் எழுதிக்கொடுத்தார்.

இந்நிகழ்ச்சியைப் பக்தியின் வெற்றியாக மட்டும் படிப்பது வழக்கம். கலை வரலாற்று நோக்கில் அதில் வேறொன்றும் தெரிகிறது. பிள்ளை முதலில் தீர்ப்பளித்தது ஏட்டிலிருந்த எழுத்துக்கு. அந்தத் தீர்ப்பு தவறானதன்று, பிழைகள் இருந்தன. மாறியது தீர்ப்பன்று, தீர்ப்புக்கு உட்பட்ட பொருள். கேட்பவரைக் கருதியே கட்டப்பட்ட பாடல், கேட்பவர் ஒருவர் வாய்த்ததும் தன் இயல்பைக் காட்டியது. அந்நூல் 1860களின் தொடக்கத்தில் காரைக்காலிலிருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவோடு அச்சேறி, அதன்பின் அரை நூற்றாண்டுக்குக் காலட்சேபக்காரர்களின் முதன்மைச் சரக்காக விளங்கியது. 20ஆம் நூற்றாண்டில் மாங்குடி சிதம்பர பாகவதர் அதே நந்தனார் கதையை நகைச்சுவையோடும் அன்றாட நடப்புகளோடும் கலந்து சொல்லிப் பெரும்புகழ் பெற்றார்.

சபையின் பரீட்சை எப்போதும் நேர்மையாக நடந்தது என்று சொல்வதற்கில்லை. யார் பரீட்சைக்கு உட்காரலாம் என்பதையும் அதே சபையே முடிவுசெய்தது. தேவதாசிக் குலப் பெண்கள் சிலர் கதை சொல்லிவந்தபோதிலும், பாகவதர் என்ற நிலை பிராமண ஆண்களின் உரிமையாகவே பெரிதும் கருதப்பட்டது. 1894இல் பிறந்த சி. சரஸ்வதி பாய் கிருஷ்ணாச்சார் என்பவரிடம் பயின்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இளம்பெண்ணாக மேடையேற முயன்றபோது, பிராமணப் பெண் ஒருத்தி பொதுச்சபையில் நின்று கதை சொல்வதா என்ற எதிர்ப்பு ஆண் கலைஞர்களிடமிருந்தே கிளம்பியது. அவருக்கு வாசிக்கவேண்டாம் என்று பக்கவாத்தியக்காரர்கள் மீது நெருக்குதல் வந்தது. ஆனால் அவர் பேசத் தொடங்கியபின் கூட்டம் திரண்டது; கூட்டம் திரண்ட இடத்துக்குச் சபாக்களும் வந்தன, எதிர்த்தவர்களும் காலப்போக்கில் அடங்கினர். வித்வான்களின் தடையைக் கேட்போர் நீக்கிய நிகழ்ச்சியாகவே இதைக் கொள்ளவேண்டும்.

1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும் அடுத்த ஆண்டு மே மாதத்தில் திருச்சி நிலையமும் தொடங்கியபின், கதாகாலட்சேபம் கேட்போர் இல்லாத அறையிலும் நிகழலாயிற்று. 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர் காலத்தில் இசைக் கலைஞர்களுக்குக் குரல்தேர்வு முறை கொண்டுவரப்பட்டது. ஒலிப்பதிவு அறையில் கலைஞர் பாட, வேறோர் அறையில் அமர்ந்திருக்கும் நடுவர்கள் பாடுபவர் யார் என்று அறியாமல் ஒலிபெருக்கி வழியே கேட்டு மதிப்பிட்டனர். அம்மதிப்பீட்டின்படி கலைஞர்கள் தரவரிசை பெற்றனர். சிபாரிசையும் குலப்பெருமையையும் ஒதுக்கிவைக்கும் நோக்கில் இம்முறை நியாயமானது. சரஸ்வதி பாய் சந்தித்ததைப் போன்ற தடைக்கு இதில் இடமில்லை. எனினும், புகழ்பெற்ற கலைஞர்கள் பலர் தேர்வுக்கு உட்படுவதையே இழிவாகக் கருதியதால் நாட்டின் பல பகுதிகளில் எதிர்ப்பு எழுந்தது.

கச்சேரிப் பாடகருக்கு இத்தேர்வு மானப்பிரச்சினையாக இருந்திருக்கலாம். பாகவதரின் கலைக்கோ அது வடிவப்பிரச்சினை. சுருதிசுத்தமும் லயமும் உச்சரிப்பும் சுவருக்கு அப்பாலிருந்தும் தெரியும். முகபாவம் தெரியாது, இரண்டு அடி முன்னே வந்து ராவணனாகி இரண்டு அடி பின்னே சென்று சீதையாகும் நடை தெரியாது, எல்லாவற்றுக்கும் மேலாக நாமாவளிக்குத் திரும்பிவரும் குரல் கிடைக்காது. அறையில் ஒருவர் ‘கோபிகா ஜீவன ஸ்மரணம்’ என்று சொல்லிவிட்டு மறுமொழிக்காக நிறுத்தினால் அந்த இடைவெளி பிழையாகவே கேட்கும்; ஆகவே பின்பாட்டுக்காரரே ஊராரின் பங்கையும் சேர்த்துப் பாடவேண்டியதாயிற்று. நான்கைந்து மணி நேரக் கதையை ஒலிபரப்புக்கு ஏற்ற அளவில் சுருக்கியபோது முதலில் போனவை உபகதைகளும் கூட்டத்தோடு செய்யும் உரையாடலும்தான்.

ஒலிபெருக்கி பரவியபின் மேடையிலும் மாற்றம் வந்தது. எதிர்க்குரலைக் கிளப்பப் பாகவதர் உரக்கக் கூவவேண்டியிருக்கவில்லை. நிற்கவேண்டிய தேவையும் குறைந்தது. சப்ளாக்கட்டை ஏந்தி நின்ற மரபை எம்பார் விஜயராகவாச்சாரியார் போன்றோர் இசைச் செறிவோடு காத்துவந்த அதே காலத்தில், இசையைக் குறைத்துப் பேச்சை முதன்மையாக்கிய சொற்பொழிவு தனிவழியாகப் பிரிந்தது. அவ்வழியின் தலைமகனான திருமுருக கிருபானந்த வாரியார் (1906–1993) கேட்போரின் பங்கேற்பை வேறோர் உருவில் மீட்டெடுத்தார் எனலாம். முன்வரிசையில் குழந்தைகளை உட்காரவைத்து, கதையின் நடுவே அவர்களிடம் கேள்வி கேட்டு, சரியாகச் சொன்னவர்களுக்குச் சிறு நூல்களைப் பரிசாகக் கொடுப்பது அவர் வழக்கம். திருவிளையாடல் திரைப்படம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், முருகனின் தந்தை யார் என்ற கேள்விக்கு ஒரு சிறுவன், அப்படத்தில் சிவனாக நடித்தவரின் பெயரைச் சொல்லி, சிவாஜி என்று விடையளித்ததாகவும், கூட்டம் சிரித்தபோது, காந்தியைக் காந்திஜி என்பதுபோலச் சிவனை மரியாதையாகச் சிவாஜி என்கிறான் என்று வாரியார் சிறுவனைக் காப்பாற்றியதாகவும் பரவலாகச் சொல்லப்படுகிறது. சிறிது மெருகேறிய கதையாகவே இருந்தாலும், எந்த நடுவர் குழுவும் அளக்கமுடியாத திறமை எதுவென்பதை அது காட்டுகிறது. பாடம் செய்த எதுவும் அந்நொடியில் உதவாது; விடை சிறுவனிடமிருந்து வந்துவிட்டது, அதை ஏற்று மூன்று நொடிக்குள் கதையோடு கட்டவேண்டும்.

அண்மைக் காலத்தில் விசாகா ஹரி வயலின், மிருதங்கப் பக்கவாத்தியங்களோடு கச்சேரித் தரத்து இசையையும் கதையையும் மீண்டும் இணைத்து, சென்னையின் மார்கழிப் பருவத்தில் ஹரிகதைக்குப் பெருங்கூட்டத்தை வரவழைத்துள்ளார். லால்குடி ஜெயராமனிடம் இசை பயின்ற அவர் அமர்ந்தே கதை சொல்கிறார். நேரம் இரண்டு மணியளவில் அடங்குகிறது. சபாக்கள் புதியவர்களுக்கு வாய்ப்பளிக்குமுன் பெரும்பாலும் ஒளிப்பதிவைப் பார்த்தே முடிவுசெய்யும் காலம் இது. நாமாவளி வரும் இடத்தில் விசாகா ஹரி பாடி நிறுத்துகிறார், அரங்கிலுள்ளோர் பாடுகின்றனர். எத்தனை பேர், எவ்வளவு உரக்க என்பதை ஒளிப்பதிவு சரியாகப் பிடிப்பதில்லை, ஒலிவாங்கி மேடையை நோக்கியே இருப்பதால்.